வரலாம், வரக்கூடும், வந்திருக்கலாம்: ஆங்கிலத்தில் சாத்தியத்தைப் பிழையின்றிச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையில் ஆங்கிலம் பள்ளிப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நண்டும் கணவாயும் இறாலும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர்கள் வெளியூர் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள். இராமேசுவரத்து விடுதிகளில் வேலை பார்ப்பவர்கள் வடமாநில யாத்திரிகர்களுக்கு ரயில், பேருந்து நேரங்களை ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போன பிள்ளைகள் தங்கள் மேலாளருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. இவர்களுக்குப் பெரிய பெரிய சொற்களால் வரும் சிக்கல் குறைவு. ஆறாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் எண்ணும் மே, மைட், கேன், அதன் மறுவடிவமான குட், மேபி, லைக்லி, சான்ஸ் ஆகிய சிறு சொற்களில்தான் தடுமாற்றம் வருகிறது. உறுதியில்லாத ஒரு செய்தியை நாம் சொல்லும்போது, கேட்பவர் அதை நம்பித்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா, பயணச்சீட்டு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ஆகவே உறுதியின் அளவைத் தவறாகச் சொல்வதும் தவறான தகவலைச் சொல்வதும் விளைவில் ஒன்றுதான்.

இந்த வழிகாட்டி ஆங்கிலச் சொற்பட்டியலிலிருந்து தொடங்காமல் தமிழ் வினையின் முடிவிலிருந்து தொடங்குகிறது. "கொந்தளிப்பதுண்டு", "கொந்தளிக்கலாம்", "கொந்தளித்திருக்கும்" என்று நாம் எந்தத் தயக்கமும் இல்லாமல் வேறுபடுத்திப் பேசுகிறோம். ஆங்கிலத்துக்குத் தேவையான பகுப்பில் பெரும்பகுதி அந்த முடிவுகளிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி: "லாம்" எந்த வேலையைச் செய்கிறது என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் முழுமையான தமிழ் வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். அதில் "லாம்" என்ற முடிவு வந்தால், அது அனுமதியா, சாத்தியமா, "நாம் போகலாம்" என்பது போன்ற அழைப்பா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு எளிய சோதனை, "லாம்" இருக்கும் இடத்தில் "கூடும்" என்று மாற்றிப் படிப்பது. "இன்று மழை வரலாம்" என்பது "இன்று மழை வரக்கூடும்" என்று மாறினாலும் பொருள் கெடவில்லை. எனவே அது சாத்தியம். "வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம்" என்பதைப் "போகக்கூடும்" என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடுகிறது. எனவே அது அனுமதி. அழைப்பாக இருந்தால் ஆங்கிலத்தில் "லெட் அஸ்" என்று தொடங்க வேண்டும்.

இது தேவைப்படுவதற்குக் காரணம், ஆங்கிலத்தின் மே என்ற சொல்லும் அனுமதி, சாத்தியம் என்ற இரண்டையும் சுமக்கிறது என்பதே. "தி வொர்க்கர்ஸ் மே லீவ் டுமாரோ" என்று எழுதினால், நாளை கிளம்ப அனுமதி தரப்பட்டிருக்கிறது என்றும், அவர்கள் கிளம்பிவிட வாய்ப்பிருக்கிறது என்றும் இரு விதமாகப் படிக்க இடமிருக்கிறது. இத்தகைய இடத்தில் சாத்தியத்துக்கு மைட் என்ற சொல்லைப் போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: மேபியையும் மே பியையும் பிரித்தெழுதுங்கள்

சேர்த்து ஒரே சொல்லாக எழுதும் மேபி "ஒருவேளை" என்பதற்கு இணையானது. அது வினை அன்று. இரண்டு சொல்லாக எழுதும் மே பி "இருக்கலாம்" என்ற வினை. "மேபி தி போட் இஸ் லேட்" என்பதில் "இஸ்" என்ற வினை தனியாக நிற்கிறது. "தி போட் மே பி லேட்" என்பதில் மே பியே வினையாக இருக்கிறது. ஐயம் வந்தால் அந்த இடத்தில் பர்ஹாப்ஸ் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் சேர்த்தெழுதுங்கள், உடைந்தால் பிரித்தெழுதுங்கள்.

இதோடு இன்னொரு பிழையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழில் "ஒருவேளை அவர் நாளை வரலாம்" என்று இரண்டு சாத்தியக் குறிகளைச் சேர்த்துச் சொல்வது இயல்பு. அதை அப்படியே கொண்டுபோய் "மேபி ஹி மே கம் டுமாரோ" என்று எழுதினால் ஒன்றையே இருமுறை சொன்னதாகிவிடும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். அலுவலகக் கடிதமாக இருந்தால் எடுக்க வேண்டியது மேபியைத்தான். அது பேச்சு நடைச் சொல்.

மூன்றாம் படி: "உண்டு" என்றால் கேன், "லாம்" என்றால் மே

கடற்கரைக்காரர்களுக்கு மிக எளிதாகப் புரியக்கூடிய, ஆனால் இலக்கணப் பயிற்சிகளில் அதிகம் வலியுறுத்தப்படாத வேறுபாடு இது. இங்கே வடகடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். இந்த அனுபவ அறிவை ஒருவருக்குச் சொல்லும்போது, "நவம்பரில் வடகடல் கொந்தளிப்பதுண்டு" என்போம். அதன் பொருள், அப்படி நடப்பது வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் எந்த நாளில் என்று சொல்லவில்லை என்பது. ஆங்கிலத்தில் இதற்குரிய சொல் கேன்: "தி சீ கேன் பி ரஃப் இன் நவம்பர்."

மாறாக, "நாளை காலை கடல் கொந்தளிக்கலாம்" என்பது ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிய கணிப்பு. இதற்குக் கேன் பொருந்தாது. "தி சீ மே பி ரஃப் டுமாரோ" என்றோ மைட், குட் ஆகியவற்றில் ஒன்றைப் போட்டோதான் எழுத வேண்டும். "இட் கேன் ரெயின் டுமாரோ" என்று நம் பிள்ளைகள் பலர் எழுதுவது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை விடுவதில்லை. இதைப் பொதுச் செய்தியாக ஒரு யாத்திரிகரிடம் சொல்லும்போது, "ட்ரெயின்ஸ் கேன் பி டிலேட் பை விண்ட் அட் பாம்பன்" என்பது சரி. அவர் இன்றிரவு ஏறப்போகும் ரயிலைப் பற்றிச் சொல்லும்போது, "யுவர் ட்ரெயின் மே பி டிலேட் டுநைட்" என்று சொல்ல வேண்டும். முதலாவதைக் கேட்டவர் தகவலாக எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டவர் அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்வார்.

நான்காம் படி: நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது, முடிவு தெரியுமா என்று கேளுங்கள்

நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் மே, மைட், குட் மூன்றுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. மைட் சற்றுத் தயக்கம் கூடியது என்று இலக்கண நூல்கள் சொல்கின்றன. அன்றாட எழுத்தில் அதற்காக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் கடந்த காலத்துக்குப் போனவுடன் வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. அங்கே கவனம் மிகவும் வேண்டும்.

"வந்திருக்கலாம்" என்ற ஒரே அமைப்பு தமிழில் மூன்று வெவ்வேறு செய்திகளைத் தருகிறது. "படகு இந்நேரம் மண்டபத்துக்கு வந்திருக்கலாம்" என்றால் வந்ததா இல்லையா என்று சொல்பவருக்குத் தெரியாது. "காற்று இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் படகு கவிழ்ந்திருக்கலாம்" என்றால் கவிழவில்லை என்பது தெரியும். "ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம்" என்றால் சொல்லவில்லை என்பதும் தெரியும், அதில் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. தமிழில் சூழலும் குரலும் இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் சொல்லே பிரித்துக் காட்ட வேண்டும்.

முடிவு தெரியாத முதல் வகைக்கு மே ஹேவ் பொருந்தும்; மைட் ஹேவ், குட் ஹேவ் ஆகியவையும் தவறில்லை. நடக்கவில்லை என்று தெரிந்த இரண்டாம் வகைக்கு மைட் ஹேவ் அல்லது குட் ஹேவ் மட்டுமே எழுத வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலர் இங்கும் மே ஹேவ் எழுதுவதுண்டு என்றாலும், கவனமாக எழுதுகிறவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். மனத்தாங்கலைச் சொல்லும் மூன்றாம் வகைக்கு "யு குட் ஹேவ் கால்ட்" என்பது போதும்; கண்டிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் ஷுட் ஹேவ்.

கடலுக்குப் போன ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்று பாருங்கள். "ஹி மே ஹேவ் டிரவுண்ட்" என்றால் அவர் மூழ்கியிருக்கக்கூடும், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். "ஹி குட் ஹேவ் டிரவுண்ட், பட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் புல்ட் ஹிம் அவுட்" என்றால் ஆபத்து விலகிவிட்டது, ஆள் பிழைத்துவிட்டார். வெளியூரில் இருக்கும் உறவினருக்கோ அவருடைய முதலாளிக்கோ ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும்போது முதலாவதை இரண்டாவதின் இடத்தில் எழுதிவிட்டால், ஒரு குடும்பம் தேவையில்லாமல் ஓர் இரவு முழுவதும் துடிக்கும்.

மே ஹேவ் என்பது சம்பவம் எப்போது நடந்தது என்பதைப் பொறுத்ததன்று. நமக்கு முடிவு தெரியுமா என்பதைப் பொறுத்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அருகே கடல் அடித்துச் சென்ற ரயிலில் பயணச்சீட்டு இல்லாமலும் பலர் இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். அறுபது ஆண்டுகள் கடந்தும் அது தீராத ஐயம் என்பதால், அதை எழுதும்போது மே ஹேவ் என்பதே சரியான வடிவம்.

ஐந்தாம் படி: "இருக்கும்", "போயிருக்கும்" என்ற ஊகத்துக்கு வுட் வேண்டாம்

"கடைசிப் பேருந்து இந்நேரம் போயிருக்கும்" என்று சொல்லும்போது நாம் வெறும் சாத்தியத்தைச் சொல்லவில்லை. மணியைப் பார்த்து, வழக்கத்தை வைத்து, ஏறக்குறைய உறுதியாக ஊகிக்கிறோம். இதற்கு நம்மவர்கள் "தி பஸ் வுட் ஹேவ் லெஃப்ட்" என்று எழுதுகிறார்கள். இந்தியருக்குள் இது புரிந்துவிடும். வெளிநாட்டவர் ஒருவர் படித்தால், "ஏதோ ஒன்று நடந்திருந்தால் போயிருக்கும், ஆனால் போகவில்லை" என்று பொருள் கொண்டு, அந்த நிபந்தனை எங்கே என்று தேடுவார். நேரத்தையும் வழக்கத்தையும் வைத்து ஊகித்தால் "தி பஸ் வில் ஹேவ் லெஃப்ட்" என்றும், கண்ணெதிரே உள்ள தடயத்தை வைத்து ஊகித்தால் "தி பஸ் மஸ்ட் ஹேவ் லெஃப்ட்" என்றும் எழுதுங்கள். நிறுத்தத்தில் ஓர் ஆள்கூட இல்லை என்பது தடயம்.

ஆறாம் படி: எதிர்மறையில் சொற்கள் வேறு வேலைக்குப் போய்விடும்

தமிழில் "கூடும்" என்பது சாத்தியம். அதன் எதிர்மறையாகத் தோன்றும் "கூடாது" என்பதோ தடை. "மழை பெய்யக்கூடும்" என்பதன் மறுப்பாக "மழை பெய்யக்கூடாது" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் மஸ்ட் இதே வழியில் நடக்கிறது. "ஹி மஸ்ட் பி அட் ஹோம்" என்பது வீட்டில்தான் இருப்பார் என்ற ஊகம். "ஹி மஸ்ட் நாட் பி அட் ஹோம்" என்று எழுதினால் அவர் வீட்டில் இருக்கக் கூடாது என்ற கட்டளையாகப் படிக்க இடமுண்டு. "வீட்டில் இருக்க முடியாது, வண்டியைக் காணவில்லையே" என்ற ஊகத்துக்கு உரிய வடிவம் "ஹி கேனாட் பி அட் ஹோம்" என்பதாகும்.

மே நாட் என்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். "ட்ராலர்ஸ் மே நாட் ஃபிஷ் டியூரிங் திஸ் பீரியட்" என்று ஓர் அறிவிப்பில் இருந்தால், அவை மீன்பிடிக்காமல் இருக்கலாம் என்று பொருளன்று. மீன்பிடிக்கக் கூடாது என்பதே பொருள். "அடுத்த வாரம் நண்டு வராமல் போகலாம்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல விரும்பினால், "வி மைட் நாட் ஹேவ் கிராப் நெக்ஸ்ட் வீக்" என்று மைட் போட்டு எழுதுவது பாதுகாப்பானது.

ஏழாம் படி: பாசிபிள், ப்ராபபிள், லைக்லி ஆகியவற்றுக்கு அளவு வையுங்கள்

பாசிபிள் என்றால் நடக்க இடமிருக்கிறது என்பது மட்டுமே. எவ்வளவு என்று அது சொல்லவில்லை. ப்ராபபிள், லைக்லி இரண்டும் நடக்காமல் போவதைவிட நடப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று பொதுவழக்கில் பொருள்படும். அமைப்பிலும் வேறுபாடு உண்டு. "ஹி இஸ் லைக்லி டு கம்" என்பது சரி. ஆனால் "ஹி இஸ் பாசிபிள் டு கம்", "ஹி இஸ் ப்ராபபிள் டு கம்" இரண்டும் பிழை. அவற்றை "இட் இஸ் பாசிபிள் தட் ஹி வில் கம்" என்ற வடிவில் எழுத வேண்டும். லைக்லி என்ற சொல்லுக்கும் விருப்பத்தைக் குறிக்கும் லைக் என்ற சொல்லுக்கும் பொருளில் தொடர்பு வைத்துக்கொள்ளாதீர்கள். வர விரும்பாதவரும் வருவதற்கு லைக்லியாக இருக்க முடியும்.

அளவு என்று வரும்போது, யார் எழுதியது என்றும் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்புகளில் லைக்லி என்றால் 25 முதல் 50 விழுக்காடு, வெரி லைக்லி என்றால் 50 முதல் 75 விழுக்காடு, மோஸ்ட் லைக்லி என்றால் 75 விழுக்காட்டுக்கு மேல் என்று வரையறுத்திருக்கிறார்கள். பருவநிலை மாற்றம் பற்றி ஆராயும் ஐக்கிய நாடுகள் அவையின் குழு தன் அறிக்கைகளில் லைக்லி என்ற அதே சொல்லுக்கு 66 விழுக்காட்டுக்கு மேல் என்று அளவு வைத்திருக்கிறது. அங்கே வெரி லைக்லி என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல். இரண்டையும் படிக்கும் மாணவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஒன்றைக் குறைத்தும் மற்றதை மிகைப்படுத்தியும் புரிந்துகொள்வார். வானிலை அறிவிப்பில் "அட் ஐசலேட்டட் பிளேசஸ்" என்று வருவது சாத்தியத்தின் அளவன்று, பரப்பின் அளவு. மழை அளக்கும் நிலையங்களில் 25 விழுக்காடு வரையிலானவற்றில் மட்டும் மழை என்பதையே அது குறிக்கிறது. தமிழில் அதையே "ஓரிரு இடங்களில்" என்கிறார்கள்.

அளவு சொல்லாத சொற்கள் படித்தவர்களையும் ஏமாற்றும். 1951-இல் அமெரிக்க உளவு அமைப்பு, யூகோஸ்லாவியாவின் மீது சோவியத் அணி தாக்குதல் நடத்துவது "சீரியஸ் பாசிபிலிட்டி" என்று ஓர் அறிக்கையில் எழுதியது. அதன் தயாரிப்பில் முன்னின்ற ஷெர்மன் கென்ட் அந்தச் சொற்றொடருக்குத் தம் மனத்தில் வைத்திருந்த அளவு நூற்றுக்கு 65. பின்னர் உடன் இருந்தவர்களைக் கேட்டபோது, ஒருவர் 20 என்றும் மற்றொருவர் 80 என்றும் எண்ணியே அதே சொற்றொடருக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. ஆகவே, முக்கியமான கடிதமாக இருந்தால் சொல்லோடு காரணத்தையும் எழுதுங்கள். "டெலிவரி இஸ் லைக்லி ஆன் ஃப்ரைடே" என்பதோடு நிறுத்தாமல், படகுகள் எந்நாளில் கரைக்கு வரும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் படிப்பவர் தாமே அளந்துகொள்வார்.

எட்டாம் படி: வாய்ப்பு, சந்தேகம் என்ற இரு சொற்களை உடைத்துப் பாருங்கள்

"மழைக்கு வாய்ப்பு", "வேலைவாய்ப்பு", "பேச வாய்ப்புக் கிடைத்தது" என்று நாம் ஒரே சொல்லால் முடித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் மழைக்குச் சான்ஸ் அல்லது பாசிபிலிட்டி உண்டு, ஆப்பர்ச்சூனிட்டி கிடையாது. ஆப்பர்ச்சூனிட்டி என்பது ஒருவர் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நல்ல தருணம். சான்ஸ் இரண்டு பக்கமும் நிற்கும்: "எ சான்ஸ் ஆஃப் ரெயின்" என்றால் சாத்தியம், "எ சான்ஸ் டு ஸ்பீக்" என்றால் தருணம். நாம் ஒன்றைப் புகழ்ந்து "சான்ஸே இல்லை" என்று சொல்வதை ஆங்கிலத்தில் "நோ சான்ஸ்" என்று சொல்லிவிடக் கூடாது. அங்கே அது முகத்தில் அடித்தாற்போன்ற மறுப்பு.

சந்தேகம் இதைவிட ஆபத்தானது. "எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்று ஒரு விசைப்படகு உரிமையாளர் எஞ்சின் நிறுவனத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்ல வருவது ஒழுகுகிறது என்று நினைக்கிறேன் என்பது. "ஐ டவுட் தட் தேர் இஸ் எ லீக்" என்று எழுதினால், ஒழுகுவதாக நான் நினைக்கவில்லை என்று நேர் எதிரான பொருள் போய்ச் சேரும். பழுது பார்க்க ஆள் வரவே மாட்டார். நடந்திருக்கும் என்ற பக்கம் மனம் சாய்ந்தால் சஸ்பெக்ட், நடந்திருக்காது என்ற பக்கம் சாய்ந்தால் டவுட். பாடத்தில் புரியாததைக் கேட்க "ஐ ஹேவ் எ டவுட்" என்று வகுப்பில் சொல்வது நம் நாட்டில் நிலைத்துவிட்ட வழக்கு. வெளிநாட்டவரிடம் "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று சொல்லுங்கள்.

ஒரு கடிதத்தில் செய்து பார்ப்போம்

நவம்பர் கடைசியில் இராமேசுவரம் வரப்போகும் ஒருவருக்கு விடுதியிலிருந்து எழுத வேண்டிய செய்தி இது: "நவம்பரில் இங்கே பலத்த காற்று வீசுவதுண்டு. உங்கள் ரயில் தாமதமாகலாம். நீங்கள் அனுப்பிய முன்பணம் இந்நேரம் எங்கள் கணக்குக்கு வந்திருக்கும். தனுஷ்கோடி போகும் சாலை அன்று திறந்திருக்கும் என்றே நினைக்கிறோம்."

முதல் வாக்கியத்தில் "உண்டு" இருப்பதால் கேன்: "ஸ்ட்ராங் விண்ட்ஸ் கேன் ப்ளோ ஹியர் இன் நவம்பர்." இரண்டாவது குறிப்பிட்ட ஒரு பயணம்: "யுவர் ட்ரெயின் மே பி டிலேட்", மே பி பிரித்தெழுதப்பட வேண்டும். மூன்றாவது வழக்கத்தை வைத்த ஊகம் என்பதால் "யுவர் அட்வான்ஸ் வில் ஹேவ் ரீச்ட் அஸ் பை நவ்" என்று எழுதலாம். ஆனால் பண விவகாரத்தில் ஊகம் கூடாது, வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு உறுதியாகவே எழுதுவது மேல். நான்காவதில் திறந்திருக்கும் பக்கம் மனம் தெளிவாகச் சாய்ந்திருக்கிறது: "தி ரோட் டு தனுஷ்கோடி வில் ப்ராபப்லி பி ஓபன்." அங்கே பாசிபிலி என்று எழுதினால் அவர் தனுஷ்கோடியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவார், ப்ராபப்லி என்ற சொல்லை விட்டுவிட்டால், சாலையை மூடியிருக்கும் நாளில் மாற்று ஏற்பாடு ஏதுமின்றி வந்து நிற்பார்.